பூச்சுத் தரையை எதை ஊற்றித் துடைப்பது?

வடசென்னை வீடுகளில் மூன்று விதமான பூச்சுத் தரையைப் பார்க்கலாம். ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டைப் பக்கத்துப் பழைய வீடுகளில் சிமெண்டோடு சிவப்பு ஆக்சைடு கலந்து இழைத்த தரை, அதன் மேல் மெழுகு பாலிஷ். அதே தரை பொரிந்துபோன இடங்களில், வாடகைக்கு விடுவதற்கு முன்னால் ஹவுஸ் ஓனர் அடித்து வைத்த பெயிண்ட். அப்புறம், பழைய மொசைக்கை உடைக்க மனமில்லாமலோ காசில்லாமலோ அதன் மேலேயே ஊற்றிய எபாக்சி, அதாவது இரண்டு திரவங்களைக் கலந்து ஊற்றி இறுகவிடும் பிசின் பூச்சு. வாசலில் நின்று பார்த்தால் மூன்றும் ஒரே மாதிரி பளபளக்கும். ஆனால் ஒன்றைத் துலக்கும் திரவம் இன்னொன்றை உரித்துவிடும்.

பெரும்பாலானவர்கள் இதை எந்த பாட்டில் வாங்கலாம் என்ற கேள்வியாகத்தான் கேட்கிறார்கள். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பாட்டில் கடைசியில் பார்க்க வேண்டிய சங்கதி. நம் பக்கம் பூச்சைத் தின்பது அழுக்கு அல்ல. மணல், உப்புத்தண்ணீர், தரைக்கு அடியிலிருந்து ஏறும் ஓதம், இந்த மூன்றும்தான். இவற்றுக்கு ஒரு வழி பண்ணாமல் என்ன விலையில் எதை வாங்கி ஊற்றினாலும் தரை மங்கத்தான் போகிறது.

உங்கள் தரை எந்த வகை?

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு இது தெரியாமல் இருப்பது சகஜம். பீரோவுக்குப் பின்னாலோ கதவு மறைவிலோ ஒரு மூலையைப் பிடியுங்கள். நகத்தால் அழுத்திக் கீறும்போது வழவழப்பான துகள் நகத்தடியில் வந்தால் அது மெழுகு. மண்ணெண்ணெய் தொட்ட பஞ்சால் தேய்த்தால் பஞ்சில் பழுப்போ சிவப்போ ஒட்டும், தேய்த்த இடம் மங்கும். மெழுகு இல்லையென்றால் அடுத்தது நெயில் பாலிஷ் ரிமூவர். அதில் பெரும்பாலும் அசிட்டோன் இருக்கும். பஞ்சை அதில் நனைத்து அரை நிமிடம் வைத்து எடுங்கள். நிறம் கரைந்து பஞ்சில் வந்தாலோ பூச்சு சுருங்கிக் குழைந்தாலோ சாதாரணத் தரை பெயிண்ட். எதுவும் ஆகாமல் அசையாது நின்றால் எபாக்சி, அல்லது அதே மாதிரி இன்னொரு பிசின் பூச்சான பாலியூரித்தேன். இந்த இரண்டையும் துடைத்துப் பராமரிப்பதில் பெரிய வித்தியாசம் கிடையாது. வெயில் விழும் இடத்தில் எபாக்சி மஞ்சளித்துப்போகும், வெயிலுக்கென்றே வரும் பாலியூரித்தேன் தாங்கும். பால்கனிக்கும் வராண்டாவுக்கும் பூசுகிறவர்கள் இதை மட்டும் நினைவில் வைத்தால் போதும்.

பூச்சு இல்லாத, வெறுமனே சாணை பிடித்துப் பாலிஷ் போட்ட மொசைக் வேறு கதை. அதற்கு ஆசிட் ஆகாது என்பதை மட்டும் இங்கே சொல்லிவைக்கிறேன். உள்ளே இருப்பது சலவைக்கல் சில்லு, ஆசிட் பட்டால் நுரைத்துக் கரையும்.

எந்தத் தண்ணீர்?

மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடி நீரை அளவுக்கு மீறி உறிஞ்சியதால் கடல்நீர் உள்ளே ஏறியது பல பத்தாண்டுக் கதை. 2010-ல் காட்டுப்பள்ளியில் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்தது. அதற்குப் பிறகும் வீடு துடைக்க முக்கால்வாசிப் பேர் திறப்பது போர் தண்ணீர்க் குழாயைத்தான். குடிநீர் வாரியம் விடும் மெட்ரோ தண்ணீரைக் குடத்தில் பிடித்துச் சேர்த்துவிட்டு அதைத் தரையில் ஊற்ற யாருக்கு மனசு வரும்?

குடிநீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு வழியே இல்லையென்றால் 2000 வரை போகலாம் என்பது இந்தியத் தர நிர்ணய அளவு. கடலோரத்து போர் தண்ணீர் அந்த 2000-ஐத் தாண்டுவது அபூர்வமில்லை. 2000 என்றே வைத்துக் கணக்குப் போடுங்கள். லிட்டருக்கு 2 கிராம். ஹாலைத் துடைக்கும்போது தரையிலேயே தங்கிக் காய்வது அரை லிட்டர் என்றால் 1 கிராம் உப்பு. தினமும் துடைக்கிற வீட்டில் மாதத்துக்கு 30 கிராம். இதில் சாப்பாட்டு உப்பு வகை மறுநாள் ஈரத்துணியில் கரைந்து வந்துவிடும். சுண்ணாம்பு வகை வராது. பளபளப்பின் மேல் வெள்ளையாகத் திரைகட்டி நிற்பது அதுதான். பலரும் இந்தத் திரையை அழுக்கு என்று நினைத்து இன்னும் கொஞ்சம் பினாயிலை ஊற்றுகிறார்கள்.

ஆர்.ஓ. மெஷினிலிருந்து வெளியேறும் தண்ணீரை வீணாக்காமல் வீடு துடைக்கலாம் என்று எல்லோரும் சொல்வார்கள். மெஷின் நல்ல தண்ணீரைப் பிரித்து எடுத்த பிறகு மிச்சமிருப்பது அது, உப்பு முழுக்க அதில்தான் செறிந்திருக்கும். மெட்ரோ தண்ணீரை ஆர்.ஓ.வில் விடுகிற வீடாக இருந்தால் பரவாயில்லை. போர் தண்ணீரை விடுகிற வீட்டில் அந்தக் கழிவுநீரைப் பாத்ரூமுக்கு வைத்துக்கொள்ளுங்கள், பூச்சுத் தரைக்குக் கொண்டுவராதீர்கள்.

இதைவிட நல்ல வழி ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீர். காற்றிலிருந்து குளிர்ந்து இறங்கியது, உப்பு கிட்டத்தட்ட இல்லை. சென்னையின் புழுக்கத்தில் இரவு முழுக்க ஏ.சி. ஓடினால் வாளியில் நன்றாகவே சேரும். முதல் துடைப்பு போர் தண்ணீரில் இருக்கட்டும். கடைசியாக ஒருமுறை ஏ.சி. தண்ணீரிலோ மெட்ரோ தண்ணீரிலோ துணியை நனைத்துப் பிழிந்து இழுத்துவிடுங்கள். அரை வாளி போதும். ஏ.சி. இல்லாத வீட்டில் மழைக்காலத்தில் மொட்டைமாடிக் குழாயடியில் ஒரு டிரம் வைத்தால் அதே வேலை நடக்கும்.

மணல்

திருவொற்றியூர், காசிமேடு, எண்ணூர் என்றால் கடற்கரை மணல். எண்ணூர் நெடுஞ்சாலையை ஒட்டிய வீடுகளில் கண்டெய்னர் லாரி கிளப்பும் புழுதி. காற்று திரும்பும் நாட்களில் எண்ணூர்த் துறைமுகப் பக்கத்திலிருந்து வரும் கரித்தூள் வேறு. இதில் கரித்தூளுக்குப் பயப்படத் தேவையில்லை, அது நிறத்தை மட்டும் கெடுக்கும். மணல்தான் ஆபத்து. அது குவார்ட்ஸ், கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் அளவுகோலில் 7-ல் நிற்பது. எந்தப் பூச்சும் அதன் கிட்டே வராது. செருப்பில் ஒட்டி வந்த நாலு மணல் ஹாலில் கிடந்து, அதன் மேல் பிள்ளைகள் ஓடி, அதைக் கூட்டாமல் ஈரத்துணியால் இழுத்தால் அந்தத் துணி உப்புத்தாள் வேலையைச் செய்துவிடும்.

ஆகவே துடைப்பதற்கு முன் கூட்டுவதுதான் இந்தப் பட்டியலிலேயே முக்கியமான வேலை. எதை வைத்துக் கூட்டுவது? தென்னந்துடைப்பம் வாசலோடு நிற்கட்டும், ஈர்க்குச்சியின் முனை பூச்சைக் கீறும். பூந்துடைப்பம் சரி. புதிதாக வாங்கினால் உதிரும் தூசு சில நாள் உயிரை வாங்கும், அதை மொட்டைமாடியில் தட்டிவிட்டு உள்ளே கொண்டுவாருங்கள். மைக்ரோஃபைபர் தட்டை மாப்பைக் காய்ந்த நிலையில் ஓட்டினால் பூந்துடைப்பம் விட்டுவைக்கும் நுண்ணிய தூசும் வந்துவிடும். ஆனால் அந்தத் துணியைத் துவைக்காமல் திரும்பத் திரும்ப ஓட்டினால் அதில் சிக்கிய மணலே தரையைக் கீறும். வாக்குவம் கிளீனர் இருந்தால் நல்லது, இல்லையென்று வருத்தப்பட வேண்டியதில்லை.

கோலப்பொடியைப் பலர் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. அதுவும் கல்லை அரைத்த தூள்தான். காலையில் வாசலில் போட்ட கோலம் மாலைக்குள் எல்லோர் காலிலும் ஒட்டி ஹாலுக்கு வந்துவிடும். வாசலுக்கு வெளியே ஒரு கயிற்றுமிதியடி, உள்ளே ஒரு பருத்தித்துணி மிதியடி என்று இரண்டு போட்டால் பாதித் தொல்லை தீரும். அடியில் ரப்பர் ஒட்டிய மிதியடி மட்டும் வேண்டாம். ரப்பரிலிருந்து இறங்கும் ரசாயனம் பூச்சில் மஞ்சள் கறையை விட்டுவிடும், அந்தக் கறை எதற்கும் போகாது.

பாட்டில்கள்

தெருவில் மூன்று சக்கர வண்டியில் பினாயில், ஆசிட், சோப் ஆயில் என்று கூவிக்கொண்டு வருகிறவரிடம் வாங்குவது மலிவு. பழைய சிமெண்டுத் தரைக்கும் கழிவறைக்கும் அது போதும். பூச்சுத் தரை என்று வரும்போது ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

பினாயிலில் கறுப்பு, வெள்ளை என்று இரண்டு. கறுப்பு பினாயில் நிலக்கரித் தாரிலிருந்து வருவது. தண்ணீரில் ஊற்றினால் பாலாக மாறும். நீர்க்கக் கலந்தால் உடனே எதுவும் ஆகாது. ஆனால் வீட்டு வழக்கம் அப்படி இல்லையே. மூலையில் கொஞ்சம் அப்படியே சாய்த்துவிட்டு மேலே துடைப்பம் போடுவதுதான் வழக்கம். கலக்காத கறுப்பு பினாயில் வெளிர் நிற எபாக்சியில் பழுப்புக் கறையை இறக்கும், மெழுகைக் குழைக்கும். வெள்ளை பினாயில் பைன் எண்ணெய்ச் சரக்கு, இந்த அளவு கொடூரம் இல்லை. ஆனால் காய்ந்ததும் ஒரு பிசுபிசுப்பை விட்டுவிடும், அதில் அடுத்த தூசு வந்து உட்காரும். வேலைக்கு வரும் அக்காவிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். "பினாயில் வாசனை இல்லன்னா துடைச்ச மாதிரியே இல்ல தம்பி" என்பார். அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. மீன் கழுவிய வீட்டில் வாசனைதான் முதல் பிரச்சினை. அதற்கு வேறு வழி இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

லைசால் வகைக் கிருமிநாசினி பூச்சுத் தரைக்குப் பாதகமில்லை, மூடியில் அளந்து ஊற்றினால். ஒரு வாளிக்கு எவ்வளவு என்று பாட்டிலில் எழுதியிருக்கும். அந்த அளவைத் தாண்டினால் சுத்தம் கூடுவதில்லை, படலம்தான் கூடும். வெறுங்காலில் நடந்தால் பாதம் பதிகிற எபாக்சித் தரையைப் பார்த்தால் பெரும்பாலும் காரணம் இதுதான். அந்தப் படலத்தை எடுக்க மூன்று நான்கு நாள் எதுவும் கலக்காத தண்ணீரில் துடைத்தால் போதும். குழந்தை தவழ்கிற வீட்டிலும், யாருக்காவது உடம்பு சரியில்லாதபோதும் கிருமிநாசினி தேவை. தினமும் தேவையா என்றால், என்னைக் கேட்டால் இல்லை.

சலவை சோடாவும் துணி துவைக்கும் பவுடரும் காரம். மெழுகை உரித்தெடுக்க வேண்டும் என்றால் இவற்றைவிட மலிவான சரக்கு கிடையாது. உரிக்க வேண்டாம் என்றால் கிட்டேயே விடாதீர்கள். எபாக்சி காரத்தைத் தாங்கும், தரை பெயிண்ட் தாங்காது. பாத்திரம் தேய்க்கும் கட்டி சோப்பில் தேய்ப்பதற்கென்றே பொடி கலந்திருக்கிறது, அது எந்தப் பூச்சுக்கும் ஆகாது. அதே பாத்திரம் கழுவும் திரவ சோப்பில் அந்தப் பொடி இல்லை. காரமும் அமிலமும் அதிகமில்லாத நடுவாந்திரச் சரக்கு, உப்புத்தண்ணீரிலும் சோப்பு மாதிரி திரியாது. அரை வாளித் தண்ணீருக்கு ஒரு டீஸ்பூன். தலைக்குப் போடும் ஷாம்பூவும் இதே வேலையைச் செய்யும், ஒரு சாஷே இரண்டு நாளைக்கு வரும். மூன்று வகைப் பூச்சுக்கும் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைச் சொல்லுங்கள் என்றால் நான் கைகாட்டுவது இதைத்தான். சோப் ஆயிலைப் பற்றிக் கருத்துச் சொல்ல வழியில்லை. உள்ளே என்ன கலந்திருக்கிறது என்பது விற்கிறவருக்கே தெரியாது.

ஆசிட் வேண்டாம். எபாக்சி ஒன்றும் ஆகாதே என்று சிலர் வாதாடுவார்கள். பூச்சு ஓரளவு தாங்கும்தான். ஆனால் எந்தப் பூச்சிலும் ஊசிமுனை ஓட்டைகள் இருக்கும், சுவரோரம் விரிசல் இருக்கும். ஆசிட் அந்த வழியாக இறங்கி அடியில் இருக்கும் சிமெண்டை அரித்துவிடும். பிடிப்பு போனதும் பூச்சு தகடாகக் கிளம்பும். வினிகரும் எலுமிச்சையும் வீட்டுச் சரக்குதானே என்று தினமும் கலக்குவதும் சரியில்லை. எபாக்சிக்குக் கந்தக அமிலத்தைவிடக் கூட வினிகர் வகை அமிலம்தான் நாள்பட ஒத்துவராது. மாதத்துக்கு ஒருமுறை உப்புத்திரையை எடுக்க, ஒரு வாளிக்கு ஒரு மூடி வினிகர் விட்டுத் துடைத்து உடனே நல்ல தண்ணீரால் கழுவித் துடைத்தால் எபாக்சியில் தப்பில்லை. சிவப்பு ஆக்சைடுத் தரையில் அதுவும் கூடாது, சிமெண்ட் கரையும்.

வாளித் தண்ணீரில் ரெண்டு சொட்டு மண்ணெண்ணெய் விடுவது நம் அம்மாக்களின் வழக்கம். ஈ வராது, தரை மின்னும். எபாக்சியில் செய்தால் வாசனையைத் தவிர வேறு தொல்லை இல்லை. மெழுகுத் தரையில் தினமும் செய்தால் மெழுகு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து துணியோடு போய்விடும். மின்னுவது போலத் தெரிவது எண்ணெய்ப் பசை. தேங்காய் எண்ணெய்யும் இப்படித்தான், ஒருநாளும் காய்கிற எண்ணெய் இல்லை அது. தொட்டுத் தடவி, துணி சூடேறும் வரை அழுத்தித் தேய்த்தால் அழகுதான். அப்படித் தேய்க்க இப்போது யாருக்குக் கை இருக்கிறது?

கழுவுவதா, துடைப்பதா

வெள்ளிக்கிழமைக்கு முந்தின நாள் வாளி வாளியாக ஊற்றி வீட்டைக் கழுவிவிடுவது பல வீடுகளில் இன்னும் உண்டு. சிவப்பு ஆக்சைடுத் தரைக்கு அந்த வழக்கம் பொருந்தியது. தரையும் சுவரோரப் பட்டையும் ஒரே சிமெண்ட், தண்ணீர் எங்கேயும் புகாது, காய்ந்துவிடும். எபாக்சியிலும் பெயிண்டிலும் பூச்சு முடியும் ஓரங்கள்தான் பலவீனம். நிலைப்படி அடியில், சுவரோரத்தில், குழாய்த் துளையைச் சுற்றித் தண்ணீர் தேங்கினால் அங்கிருந்துதான் உரியத் தொடங்கும். துணியைப் பிழிந்து துடையுங்கள். நன்றாகப் பிழிந்தால் துடைத்த இடம் ஐந்து நிமிடத்தில் காய வேண்டும்.

குந்தி உட்கார்ந்து பழைய பனியன் துணியால் துடைப்பதற்கு ஈடு எதுவும் இல்லை, முழங்கால் ஒத்துழைத்தால். ஸ்பின் மாப்பும் சரிதான், தண்ணீரை மட்டும் இரண்டு முறை மாற்றுங்கள். பச்சை நார், இரும்பு நார் இரண்டும் கூடாது. இப்போது விளம்பரத்தில் வரும் ஸ்டீம் மாப்பைப் பூச்சுத் தரைக்கு வாங்காதீர்கள். மெழுகு உருகும் என்பது சொல்லாமலே தெரியும். சாதாரணச் சூட்டில் இறுகும் எபாக்சியும் 50, 60 டிகிரியைத் தாண்டினாலே இளகத் தொடங்கும். சோறு வடித்த குண்டானை அப்படியே தரையில் வைத்தால் வட்டமாகத் தடம் விழுவதும் இதனால்தான். புரிமணையைப் பரணிலிருந்து இறக்குங்கள்.

கறைகள்

மஞ்சள்தான் வெளிர் நிறப் பூச்சுக்கு முதல் எதிரி. சாம்பார் சிந்தினாலும், நிலைப்படிக்குப் பூசிய மஞ்சள் வழிந்தாலும் பிடித்துக்கொள்ளும். அவசரத்தில் சோப்பு போட்டதும் கறை சிவப்பாக மாறினால் பதறாதீர்கள். ஆலம் கரைக்கும்போது மஞ்சளில் சுண்ணாம்பு பட்டதும் சிவக்கிறதே, அதே வேலைதான். காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும், கழுவினால் திரும்பும். ஜன்னல் வெயில் விழும் இடமாக இருந்தால் கறை தானாகவே வெளுக்கும், மஞ்சளின் நிறம் வெயிலுக்கு நிற்காது.

சிலிண்டர் வைத்த இடத்தில் துரு வளையம். எபாக்சியில் எலுமிச்சைச் சாற்றைத் தொட்டு ஒரு நிமிடம் வைத்துத் துடைத்தால் போகும். சிவப்புத் தரையில் அந்த வளையம் கண்ணுக்கே தெரியாது. தரையின் சிவப்பும் இரும்பு ஆக்சைடு, துருவும் இரும்பு ஆக்சைடு. சிலிண்டரை உருட்டிக்கொண்டு போனால் விழும் கீறலுக்குத்தான் மருந்து கிடையாது. சக்கரம் வைத்த ஸ்டாண்ட் ஒன்று வாங்கிப் போடுங்கள்.

மீன் கவிச்சிக்கு வருவோம். அந்த வாடை காரத்தன்மை உள்ள ஒரு பொருளால் வருவது. புளிப்பு பட்டால் அடங்கும். மீன் கழுவிய கைக்குப் புளியோ எலுமிச்சையோ தேய்க்கிறோம் அல்லவா, தரைக்கும் அதே. எபாக்சியில் எலுமிச்சை பிழிந்த தண்ணீரால் ஒருமுறை, உடனே நல்ல தண்ணீரால் ஒருமுறை. மெழுகுத் தரையில் திரவ சோப்பு போட்டு இரண்டு முறை துடைத்து ஃபேனைப் போட்டுவிட்டால் போதும். பினாயில் வாடையை மறைக்கும், எடுக்காது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எண்ணூர்க் கழிமுகத்தில் பரவிய எண்ணெய், எர்ணாவூர்ப் பக்கம் வீடுகளுக்குள்ளும் வெள்ளத்தோடு வந்தது. அந்த மாதிரி எண்ணெய்ச் சேற்றை முதலில் தண்ணீர் விட்டுக் கழுவக் கூடாது, பரவும். மரத்தூள், பழைய செய்தித்தாள் போட்டு ஊறவிட்டு அள்ள வேண்டும். அப்புறம் பாத்திரம் கழுவும் திரவ சோப்பு, வெதுவெதுப்பான தண்ணீர். எபாக்சித் தரையாக இருந்தால் மிச்சக் கறைக்கு மண்ணெண்ணெய் தொட்டுத் துடைக்கலாம், பெயிண்டிலும் மெழுகிலும் பூச்சே வந்துவிடும். வெள்ளம் வடிந்ததும் போடும் பிளீச்சிங் பவுடரை ஈரத்தோடு தரையில் விட்டுவைக்காமல் கழுவிவிடுங்கள். அதோடு ஆசிட் மட்டும் சேரவே கூடாது. இரண்டும் கலந்தால் குளோரின் வாயு வரும், மூடிய பாத்ரூமில் அது உயிருக்கே ஆபத்து.

மங்கிய பிறகு என்ன செய்வது?

"ஒரு கோட்டு அடிச்சா புதுசாயிடும்ணே" என்று பெயிண்டர் சொல்வார். எந்த வீட்டுக்கு என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

பக்கிங்காம் கால்வாய், ஓட்டேரி நல்லா, கேப்டன் காட்டன் கால்வாய் இவற்றை ஒட்டிய வியாசர்பாடி, புளியந்தோப்பு, கொருக்குப்பேட்டைத் தரைத்தளங்களில் மழைக்காலத்தில் நிலத்தடி நீர் மேலேயே நிற்கும். பழைய வீடுகளில் தரைக்கு அடியில் ஈரம் தடுக்கும் விரிப்பு எதுவும் போட்டிருக்க மாட்டார்கள். ஈரம் ஆவியாக மேலே வந்துகொண்டேயிருக்கும். மெழுகு போட்ட ஆக்சைடுத் தரை அதை வெளியே விட்டுவிடும். எபாக்சி விடாது. அடியில் அழுத்தம் சேர்ந்து, உப்பும் சேர்ந்து, கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பும். அதைச் சுரண்டி மறுபடி அடித்தாலும் அடுத்த மழையில் அதே கதை.

பார்ப்பதற்கு எளிய சோதனை உண்டு. 45 சென்டிமீட்டர்ச் சதுரத்தில் கனமான பிளாஸ்டிக் ஷீட்டைத் தரையில் விரித்து நாலு பக்கமும் டேப் ஒட்டிவிடுங்கள். குறைந்தது 16 மணி நேரம் கழித்து எடுத்துப் பாருங்கள். ஷீட்டின் அடியில் முத்து முத்தாக நீரோ, தரை கருத்த நிறமோ தெரிந்தால் எபாக்சி நினைப்பை விட்டுவிடலாம். மே மாதத்தில் இந்தச் சோதனையைச் செய்து திருப்திப்படாதீர்கள், நவம்பரில் செய்யுங்கள். தரைத்தளத்துக்கு என் ஓட்டு எப்போதும் சிவப்பு ஆக்சைடும் மெழுகும்தான். பழைய மெழுகை மண்ணெண்ணெய் அல்லது டர்பன்டைனால் துடைத்தெடுத்து, காயவிட்டு, புதுசை மிக மெல்லியதாகத் தடவித் தேய்க்க வேண்டும். வருடத்துக்கு இரண்டு முறை, பொங்கலுக்கு முன்னால் ஒன்று, ஆடிக்கு முன்னால் ஒன்று. கெட்டியாக அப்பினால் தூசு பிடித்துக் கறுக்கும், வயசானவர்களுக்கு வழுக்கும்.

மாடி வீட்டுக்கு எபாக்சி நல்ல தேர்வு. கொளத்தூர், மாதவரம் பக்கத்துப் புது அடுக்ககங்களில் ஓதத்துக்கு வழியில்லாத தளமாக இருந்தால் யோசிக்கவே வேண்டாம். மங்கிவிட்டால் மேலே நேராக அடிக்கக் கூடாது, உப்புத்தாளால் தேய்த்துத் தூசியை எடுத்த பிறகுதான். இடையில் பளபளப்புக்காக மெழுகோ சிலிக்கோன் பாலிஷோ போட்டிருந்தால் புதுப்பூச்சு அதன் மேல் ஒட்டாமல் கண்கண்ணாக விலகி நிற்கும். அதனால் எபாக்சித் தரைக்கு மெழுகு போடும் ஆசையே வேண்டாம். புழுக்கமான நாளில் பூசினால் மறுநாள் மேலே எண்ணெய் மாதிரி ஒரு படலம் வரும். அடுத்த கோட்டுக்கு முன் அதைக் கழுவித் துடைத்துவிட்டாரா என்று பக்கத்திலிருந்து பாருங்கள், பெயிண்டர்கள் அவசரத்தில் விட்டுவிடுவார்கள். பூசி ஒரு நாளில் நடக்கலாம். சோப்பும் திரவமும் ஒரு வாரத்துக்குத் தொடக் கூடாது, முழுசாக இறுக அவ்வளவு நாளாகும்.

தரை பெயிண்டைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மலிவு, சீக்கிரம் முடியும், சீக்கிரம் உரியும். வாடகை வீட்டுக்கு ஓனர் அடித்துக் கொடுத்தது அதுதான் என்றால் திரவ சோப்பில் துடைத்து, நாற்காலிக் காலுக்குத் துணி சுற்றி, ஓட்டிக்கொண்டு போங்கள். குடி போகும் அன்றே ஒவ்வொரு அறைத் தரையையும் போனில் படம் பிடித்து ஓனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். காலி பண்ணும்போது அட்வான்ஸில் பெயிண்ட் காசு பிடிப்பது ஊர் வழக்கம், அந்தக் கணக்கில் தரையையும் சேர்ப்பவர்கள் உண்டு.